நாலு குடம் நைல்

நொச்சிக்கொல்லைக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் என்னென்னவோ சொல்வார்கள். மழை பெய்யும்போது குளிக்கப் போனால், நனைந்துவிடுவோமே என்று குடை பிடித்துக்கொண்டுதான் குளத்தில் இறங்குவார்கள் என்பார்கள். அதெல்லாம் பொறாமைப் பேச்சு. அவர்கள் நல்ல ஜனங்கள். யார் எதைச் சொன்னாலும் தட்டாமல், சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊர்ச் செல்லியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று முடிவாயிற்று. திருப்பணிக் கமிட்டித் தலைவர் மாசிலாமணி, அரிசி மில் முதலாளி. இளகிய மனசு. கண்ணில் தவிடு விழுந்தாலும் அழுவார், டிவியில் யாருக்காவது கல்யாணம் நடந்தாலும் அழுவார். அவருக்கு இருந்த ஒரே கவலை, பக்கத்து ஊர் எருக்கங்கொல்லையில் இருந்த சம்பந்தி ஏகாம்பரம்.

ஏகாம்பரம் போன வருஷம் தன் ஊர்க் கும்பாபிஷேகத்துக்குக் காசியிலிருந்து கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து, தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்ட மனுஷன். அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. "என்ன சம்பந்தி, உங்க கோயிலுக்கு எந்தத் தண்ணி? போர் தண்ணியா, டேங்க் தண்ணியா?" என்று பந்தியில் உட்கார்ந்தபடியே உரக்கக் கேட்பார். அதற்கப்புறம் மாசிலாமணிக்குப் பாயசம் இறங்காது.

கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நாலு பேர். மாசிலாமணி, அவருடைய மனைவியின் தம்பி பிச்சைக்கண்ணு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் திருமேனி, மாசிலாமணியின் அக்கா அன்னக்கொடி. அன்னக்கொடிக்கு முட்டிவலி. மற்றபடி இரும்பு. புருஷன் போன அன்றைக்குக்கூடக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வராமல், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தவள் அவள்.

திருமேனி வாத்தியார் பள்ளிக்கூடத்து உலகப் படத்தை விரித்து, ஒரு நூலை எடுத்து ஒவ்வொரு ஆற்றின் மேலும் வைத்து வைத்து அளந்தார்.

"தலைவரே, கங்கை இத்தனூண்டு. நைல் இம்மாம் நீளம்" என்று நூலைக் காட்டினார்.

"நீளமா இருந்தா?"

"நீளம் கூடினா புண்ணியமும் கூடத்தானே செய்யும்? நாலு முழம் பூவும் ஒரு முழம் பூவும் ஒண்ணா?"

கமிட்டி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. மாசிலாமணி நேரே கோயிலுக்குப் போய், ஊர் முன்னிலையில் கற்பூரத்தை அணைத்து, "நைல் தண்ணி இந்தக் கோபுரத்துல விழாம என் தலையில பரிவட்டம் ஏறாது. அப்படி விழலேன்னா அந்தப் பரிவட்டத்தை எங்க சம்பந்திக்கே கட்டிருங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது.

சந்திரமௌலி குருக்கள் பாவம், நைல் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்கவில்லை. எல்லோருக்கும் சொல்வதை இவர்களுக்கும் சொன்னார். "நதி வடக்கு முகமா ஓடற இடத்துல எடுக்கணும். அதுதான் விசேஷம். தீர்த்தக் குடத்தைத் தரையில வைக்கப்படாது. எடுத்தவா அதை விட்டுப் பிரியப்படாது. ஒரு சொட்டு சிந்தப்படாது. யாகசாலை முடியறதுக்குள்ள வந்துடுங்கோ."

நாலு பேரும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள். எகிப்துக்குப் போய், கப்பலில் நாலு நாள் நைல் மேலே மிதந்து, பழைய கோயில்களை எல்லாம் பார்த்துவிட்டு வரும் டூர் ஒன்றில் சேர்ந்தார்கள். நாலு சொம்புத் தண்ணீர் பிடிக்கிற ஒரு சின்னப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் எடுத்த பிறகுதான் குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். வேனில் ஒருவர் மடி, விமானத்தில் இன்னொருவர் மடி. விமான நிலையத்தில் பெல்ட்டில் வைக்கச் சொன்னபோது ஒரு சின்ன ஆலோசனை நடந்தது.

"இது தரையா வாத்தியாரே?" என்றார் மாசிலாமணி.

"தரை ஓடாது. இது ஓடுது. அதனால தரை இல்லை" என்றார் வாத்தியார்.

குடம் ஓடிப்போய் மறுபக்கம் வந்தது. பிச்சைக்கண்ணு அதற்கு முன்னாலேயே ஓடிப்போய்க் கையை ஏந்திக்கொண்டு நின்றான்.

லக்சர் என்ற ஊரில் கப்பல் ஏறினார்கள். கூட வந்த டூர் மேனேஜர் ஷர்மிளா, சென்னைப் பெண். சிரித்த முகம். அந்த முகம் இரண்டு நாள்தான் சிரித்த முகமாக இருந்தது. "ரொம்பக் கூட்டமா இருக்கும். யாரும் தனியாப் போயிடாதீங்க. முன்னாடி போறவங்க முதுகைப் பார்த்துக்கிட்டே நடங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

முதலில் கர்னாக் கோயில். வாசலிலேயே நம் நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கோயிலுக்குள் செருப்போடு போவார்களா? மணல் அடுப்பில் போட்ட வாணலியாகக் கொதித்தது. நாலு பேரும் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி, குதித்துக் குதித்து உள்ளே போனார்கள். இது அந்தக் கோயிலின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் ஷூவைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே குதித்தார்கள்.

அங்கே குளத்தங்கரையில், பீடத்தின் மேல் கல்லில் செய்த பெரிய வண்டு ஒன்று இருக்கிறது. அதை ஏழு சுற்றுச் சுற்றினால் நினைத்தது நடக்கும் என்று வருகிறவர்கள் சுற்றுவார்கள். மாசிலாமணிக்கு நினைத்தது ஒன்றுதானே? குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் நடந்தார். அவர் பின்னால் வாத்தியார், அவர் பின்னால் பிச்சைக்கண்ணு, கடைசியில் அன்னக்கொடி. பீடம் ஒன்றும் அவ்வளவு பெரியதில்லை. நாலு பேர் சுற்றியதும் வட்டம் நிரம்பிவிட்டது.

ஏழு சுற்று முடிந்தது. நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பதினைந்து, இருபது என்று போயிற்று. மற்ற பயணிகளெல்லாம் பஸ்ஸில் ஏறியாயிற்று. ஷர்மிளா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், ஏன் சார் இன்னும் சுத்தறீங்க? நிறுத்துங்க!"

"முன்னாடி போறவங்க நிக்கலையேம்மா" என்றார் மாசிலாமணி நடந்தபடியே.

"முன்னாடி போறதே நீங்கதானே சார்?"

"எனக்கு முன்னாடி எங்க அக்கா போறாங்க, பாருங்க."

உண்மைதான். அவர் கண்ணுக்கு முன்னால் அன்னக்கொடியின் முதுகு போய்க்கொண்டிருந்தது. ஷர்மிளா குறுக்கே கையை நீட்டி வட்டத்தை உடைத்தாள். அன்னக்கொடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "என் முட்டி தேஞ்சு மாவாப் போச்சு. நாலு பேர் தூக்கிட்டுப் போனாத்தான் இனிமே நான் எங்கயும் வருவேன்" என்றாள். சொன்ன சொல் தவறாத குடும்பம் அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை எஸ்னா என்ற இடத்தில் ஒரு மதகு வந்தது. கப்பலை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றி மேலே அனுப்பும் ஏற்பாடு. கப்பல் காத்துக்கொண்டு நிற்கும்போது சின்னப் படகுகளில் துணி வியாபாரிகள் வந்து, துணியைச் சுருட்டி மேல்தளத்துக்கு வீசுவார்கள். பிடித்தவர்கள் பார்த்துவிட்டுக் காசு போடலாம், இல்லையென்றால் துணியைத் திருப்பி வீசலாம். மாசிலாமணி குடத்தோடு மேல்தளத்தில் நின்று, இது வடக்கே ஓடுகிற தண்ணீரா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரிகை போட்ட சால்வை ஒன்று பறந்து வந்து சரியாக அவர் தலையில் விழுந்து சுற்றிக்கொண்டது.

மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "வாத்தியாரே, பார்த்தீங்களா! நைல்காரங்களே பரிவட்டம் கட்டிட்டாங்க!"

"ஆத்தோட முதல் மரியாதை தலைவரே. பதில் மரியாதை செய்யாம விடக் கூடாது" என்றார் வாத்தியார்.

மாசிலாமணி தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்துச் சுருட்டிப் படகை நோக்கி வீசினார். வியாபாரி அதைப் பிரித்து இப்படியும் அப்படியும் பார்த்தான். ஏதோ கத்தினான். "இன்னும் மரியாதை வேணுங்கிறான் மச்சான்" என்று பிச்சைக்கண்ணு தன் துண்டையும் வீசினான். வாத்தியார் வீசினார். பக்கத்துப் படகுக்காரர்களும் வந்து நின்று கத்தினார்கள். கடைசியில் வாத்தியாரின் இரண்டாவது வேட்டியும் போனபிறகுதான் மதகு திறந்தது. அந்தச் சால்வைக்கு ஷர்மிளா எப்படியோ பேசி முடித்தாள். அன்றோடு அவள் சிரிப்பு நின்றது.

மாசிலாமணிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அது ஆற்று மரியாதைதான்; ஊர் மரியாதை ஆகாது. ஏகாம்பரம் சிரிக்கிற சிரிப்பு அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை. சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டார்.

எட்ஃபு கோயிலுக்குக் குதிரை வண்டியில் போனார்கள். வாசலில் தலையில் கிரீடம் வைத்த பருந்து, கல்லில், ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அன்னக்கொடி வண்டியை விட்டு இறங்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கருடாழ்வார் இருக்காரு, பெருமாளைக் காணோமே?" என்றாள். அடுத்த ஊர்க் கோம் ஓம்போவில் முதலைச் சாமிக்குக் கோயில். அங்கே பதப்படுத்திய முதலைகளை வரிசையாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிச்சைக்கண்ணு அந்தப் பெட்டி முன்னால் அரை மணி நேரம் நின்றான். "இதெல்லாம் செத்து மூவாயிரம் வருஷம் ஆச்சாம் மச்சான். கடிக்காதுன்னு சொல்றாங்க. ஆனா எதுக்குப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க ஆற்றுப் பக்கம் போகவில்லை.

இத்தனைக்கும் நடுவில் வடக்கு விவகாரம் தீரவே இல்லை.

கப்பல் வரவேற்பறையில் நைல் நதியின் படம் ஒன்று மாட்டியிருந்தது. ஆறு கீழேயிருந்து கிளம்பி மேலே போய்க் கடலில் சேருகிற மாதிரி வரைந்திருந்தார்கள். வாத்தியார் அதைப் பார்த்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"தண்ணி கீழேயிருந்து மேலே ஏறுமா தலைவரே?"

"எப்படி வாத்தியாரே ஏறும்?"

"அப்போ படத்தைத் தலைகீழா மாட்டியிருக்கானுங்க."

பிச்சைக்கண்ணு ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைத் திருப்பி மாட்டினான். இப்போது தண்ணீர் ஒழுங்காகக் கீழே இறங்கியது. காலையில் கப்பல்காரர்கள் அதை மறுபடி திருப்பி வைத்தார்கள். சாயங்காலம் பிச்சைக்கண்ணு மறுபடி திருத்தினான். கடைசி வரைக்கும் யார் இதைச் செய்வது என்று கப்பல்காரர்களுக்குத் தெரியவே இல்லை.

மாசிலாமணி ஷர்மிளாவைத் தேடிப் போனார். "ஏம்மா, இந்த ஆறு வடக்கே ஓடற இடம் வந்தா ஒரு குரல் கொடு. எடுத்துடறோம்."

"சார், இது முழுக்க வடக்கேதான் ஓடுது."

"அது சரி. எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும் சார்."

மாசிலாமணி திரும்பி வந்து கமிட்டியிடம் சொன்னார். வாத்தியார் தலையை ஆட்டினார். "எல்லா இடத்துலயும்னு சொன்னா என்ன அர்த்தம்? இடம் தெரியலைன்னு அர்த்தம். சின்னப் பொண்ணு, சமாளிக்குது. விடுங்க."

நாலாவது நாள் அஸ்வான். டூர் முடிகிற இடம். குடம் இன்னும் காலி. மாசிலாமணி இட்லி இல்லாத ஊரில் கொடுத்த ரொட்டியைக்கூடத் தொடவில்லை. தீவு ஒன்றில் இருந்த ஃபிலே கோயிலுக்குப் படகில் போனார்கள். அது ஓர் அம்மன் கோயில்தான். அணை கட்டியதில் பழைய தீவைத் தண்ணீர் மூடிவிட, கோயிலைக் கல் கல்லாகப் பிரித்துப் பக்கத்துத் தீவில் மேட்டில் கொண்டுபோய் அப்படியே கட்டினார்கள் என்று ஷர்மிளா விளக்கினாள்.

 திரும்பும் படகில் ஏறியதும் வாத்தியார் அதன் விளிம்பில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"தலைவரே, தப்புப் பண்ணிட்டோம்! தண்ணியை நம்ம கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு இத்தனை பாடுபடறோமே, நம்ம கோயிலைப் பிரிச்சு இங்க தூக்கிட்டு வந்திருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்!"

"கோயிலைத் தரையில வைக்கலாமா வாத்தியாரே?" என்றான் பிச்சைக்கண்ணு.

"தாராளமா வைக்கலாம். குடத்தைத்தான் வைக்கக் கூடாது."

"ஊர்லயே சொல்லியிருக்கக் கூடாதா வாத்தியாரே?" என்று மாசிலாமணி குரல் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டார். நாளைக்கு விமானம், மறுநாள் கும்பாபிஷேகம். அன்னக்கொடிக்குத் தம்பி அழுவது பிடிக்காது. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, மடியில் இருந்த புது வெற்றிலை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். "இது போற பக்கம்தான் ஆறு போகுது. சூரியன் அங்க உதிச்சுது. பாரு, எந்தத் திசைன்னு" என்றாள்.

வெற்றிலை மெல்ல ஆடி ஆடி, வடக்கே போயிற்று.

"அட, அந்தப் பொண்ணு குருட்டாம்போக்குல சொன்னது சரியாப் போச்சே!" என்றார் வாத்தியார்.

மாசிலாமணி படகு விளிம்பில் குப்புறப் படுத்து, பிச்சைக்கண்ணு அவர் காலைப் பிடித்துக்கொள்ள, செல்லியம்மா செல்லியம்மா என்று சொல்லிக்கொண்டே குடம் நிறைய மொண்டார். நாலு நாளாகக் காணாத சந்தோஷம் அவர் முகத்தில் வந்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை விமான நிலையம் வரைக்கும்தான் நின்றது. "பாட்டில்ல ஊத்திப் பெட்டியில வச்சு அனுப்பிடலாம் சார், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று ஷர்மிளா தலைபாடாக அடித்துக்கொண்டாள். பெட்டி தனியாகப் போகும். இவர்கள் தனியாகப் போவார்கள். தீர்த்தத்தை விட்டுப் பிரியலாமா? முடியவே முடியாது என்று குடத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். சோதனை செய்யும் அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கையால் கொட்டுவது போல ஒரு சைகை, குடிப்பது போல ஒரு சைகை.

"இவ்வளவு தண்ணி உள்ள கொண்டு போக விடமாட்டாங்க சார். ஒண்ணு கொட்டணும், இல்லை குடிக்கணும்" என்றாள் ஷர்மிளா.

மாசிலாமணி குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இத்தனை தூரம் வந்து கொட்டச் சொல்றாரே. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்? அந்தப் பரிவட்டத்தை ஏகாம்பரம் கட்டிக்கிட்டு நிக்கிறதைப் பார்க்கவா நான் போகணும்?" என்று விசித்து விசித்து அழுதார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கே கண் கலங்கியது.

அப்போது திருமேனி வாத்தியார் ஒரு விரலை உயர்த்தினார்.

"அழாதீங்க தலைவரே. கொட்டினா சிந்தின கணக்கு. குடிச்சா?"

"குடிச்சா?"

"குடிச்சா தண்ணி எங்கயும் போகல. பாத்திரம்தான் மாறுது."

இப்படி ஒரு யோசனை நொச்சிக்கொல்லை வரலாற்றிலேயே வந்ததில்லை. ஆளுக்கு ஒரு சொம்பு என்று நாலு பேரும் நின்ற இடத்திலேயே, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடித்தார்கள். ஷர்மிளா வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது அவர்கள் காதில் விழவில்லை. பிச்சைக்கண்ணுக்குத்தான் ஒரு சந்தேகம். "வாத்தியாரே, விமானத்துல நடுவுல... போக வேண்டி வந்தா?"

"முதல்ல வந்தது முதல்ல போகும். காலையில காபி குடிச்சோம், ஜூஸ் குடிச்சோம். அது போகட்டும். நைல் கடைசியா வந்தது, உள்ளயே இருக்கும்."

ஒரு பெரிய பாரம் இறங்கியது. ஆனால் இறங்கிய வேகத்தில் மாசிலாமணிக்கு வேறொன்று உறைத்தது. "வாத்தியாரே, இப்ப நாமதானே குடம்? குடத்தைத் தரையில வைக்கக் கூடாதே!"

நாலு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். அடுத்த நொடி நாலு பேரும் பக்கத்தில் இருந்த நாற்காலிகளில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எத்தனை கெஞ்சியும் இறங்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு சக்கர நாற்காலி வரவழைத்தாள் ஷர்மிளா. அன்னக்கொடி அதில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, "இதை முதல் நாளே கொண்டு வந்திருக்கலாமே" என்றாள். பித்தளைக் குடம் இப்போது வெறும் குடம்தானே என்று முதன்முறையாக அதைத் தரையில் வைத்தார்கள். வைத்தவர்கள் அப்படியே மறந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நொச்சிக்கொல்லையில் மேளதாளத்தோடு ஊரே எல்லையில் காத்திருந்தது. வேனிலிருந்து நாலு பேரும் இறங்க மறுத்து விஷயத்தைச் சொன்னதும், ஊர் ஜனங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தோளுக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டார்கள். கோயில் வாசலில் ஏகாம்பரம், வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல், பரிவட்டத்துக்குத் தலையைச் சீவிக்கொண்டு நின்றார்.

"தீர்த்தம் எங்கே?" என்றார் சந்திரமௌலி குருக்கள்.

மாசிலாமணி தோளில் இருந்தபடியே தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். மற்ற மூன்று பேரும் தொட்டுக் காட்டினார்கள்.

குருக்கள் நாலு வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். ஏகாம்பரம்தான் பேசினார். "இது என்னய்யா கூத்து? இதைத் தண்ணி கொண்டாந்ததாச் சொல்ல முடியுமா?"

"தண்ணி உள்ள இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

"இருக்கும்... ஆனா..."

"இருக்குன்னு சம்பந்தியே சொல்லிட்டார்!" என்று ஊர் ஆரவாரம் செய்தது.

முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. குருக்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் புகையில் உட்கார்ந்திருந்தவர். "எப்படியோ பண்ணித் தொலையுங்கோ" என்று கையை உதறிவிட்டார். எப்படியோ என்றால் ஊருக்கு ஒரு வழிதான் தெரியும். நாலு பேரையும் யாகசாலையில் கலசங்களோடு கலசமாகப் பலகைமேல் உட்கார வைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் நூல் சுற்றி, காதோரம் மாவிலை செருகி, தலைக்கொரு தேங்காய் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பிச்சைக்கண்ணு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

குடங்கள் புறப்பட்டன. குருக்கள் தான் தயாராக வைத்திருந்த காவிரித் தண்ணீரோடு சாரத்தில் ஏறினார். கமிட்டித் தலைவர் என்பதால் மாசிலாமணியை முதலில், கலசம் ஏற்றிய அதே கப்பிக் கயிற்றில் நாற்காலியோடு கட்டிக் கோபுரத்துக்கு மேலே இழுத்தார்கள். மேலே போன பிறகுதான் எல்லோருக்கும் ஒன்று புரிந்தது. குடத்தைச் சாய்க்கலாம். மாசிலாமணியை எப்படிச் சாய்ப்பது? சாய்த்தாலும் என்ன விழும்?

 ஏகாம்பரம் மெதுவாக மீசையைத் தடவினார். மாசிலாமணி தலைத் தேங்காயோடு உச்சியில் தொங்கிக்கொண்டே கீழே பார்த்தார். ஊர் முழுக்க அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மகளும் மருமகனும் கைகூப்பி நின்றார்கள். பக்கத்தில் புதுக் கலசம் வெயிலில் மின்னியது. இத்தனை தூரம் வந்துவிட்டோமே, இத்தனை ஜனமும் நம்மை நம்பி நிற்கிறதே என்று நினைத்தார்.  கண்ணில் குபுக்கென்று பொங்கி, கன்னத்தில் வழிந்து, மூக்கு நுனியில் நின்று, சொட்டென்று கலசத்தின் மேல் விழுந்தது.

"விழுந்துருச்சு! நைல் விழுந்துருச்சு!" என்று கீழேயிருந்து வாத்தியார் அலறினார்.

குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது. குருக்கள் என்ன செய்வதென்று தெரியாமல் காவிரியையும் சேர்த்து ஊற்றிவிட்டார். மாசிலாமணியை இறக்கி, தலையில் தேங்காய் இருந்ததால் தேங்காய்க்கே பரிவட்டம் கட்டினார்கள். அவர் இன்னும் அழுதார். ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாத்தியாரிடம் வந்து, காதோடு காதாக, "வாத்தியாரே, நான் போன வருஷம் காசியில ரெண்டு கை தண்ணி குடிச்சேன். அதுக்கப்புறம் அழவே இல்லை. அது இன்னும் உள்ளதான் இருக்குமா?" என்று கேட்டார்.

மீதி மூன்று குடத்தையும் அன்றைக்கே இறைத்துவிட முடிவு செய்தார்கள். வாத்தியார் தன் இரண்டாவது வேட்டியை நினைத்து அழுதார். பிச்சைக்கண்ணுக்கு முன்னால் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயம் உரித்தார்கள், அவனும் தீர்ந்தான். அன்னக்கொடிதான் அசையவில்லை. வெங்காயம் உரித்தவர்கள்தான் அழுதார்கள். ஒப்பாரிக்காரர்களைக் கூட்டிவந்தார்கள், அவள் அவர்களுக்குக் காபி போடச் சொன்னாள்.

அதனால் எருக்கங்கொல்லைக்காரர்கள் யாராவது இன்றைக்கும் கங்கைப் பெருமை பேசினால், "எங்க ஊர்ல நைல் இன்னும் ஒரு குடம் இருப்பு இருக்கு" என்று நொச்சிக்கொல்லையில் பதில் சொல்வார்கள். தண்ணீர் தீரும்வரை குடத்தைத் தரையில் வைக்கக் கூடாதல்லவா? கோயிலுக்கும் கடைக்கும் கல்யாணத்துக்கும் அன்னக்கொடியை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். முட்டிவலி எப்போதோ போய்விட்டது. அவளும் அழுவதாக இல்லை.